பூட்டை இழுத்துப் பார்ப்பது எப்போது நோயாகிறது?

கடையைச் சாத்தியதும் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பது வணிகர்களாகிய நம் வழக்கம். அது எச்சரிக்கை. ஆனால், சோளக்காட்டில் கடையைப் பூட்டிவிட்டுக் கொள்முதலுக்காக 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் காரவள்ளி வந்த ஒருவர், "பூட்டினோமா, இல்லையா?" என்ற சந்தேகத்தில் மீண்டும் மலையேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். போய்ப் பார்த்தால் பூட்டித்தான் இருக்கிறது. அடுத்த முறையும் இதே கதை. இது எச்சரிக்கையன்று, நோயின் அறிகுறி.

மருத்துவர்கள் இதனை எண்ணச் சுழற்சி நோய், சுருக்கமாக ஓ.சி.டி. என்கின்றனர். வேண்டாத எண்ணம் ஒன்று ஓயாமல் வந்து பயமுறுத்தும். பயம் தணிய ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். கல்லாப் பணத்தைப் பத்து முறை எண்ணுவது, கட்டிய பொட்டலத்தை மறுபடி மறுபடி நிறுப்பது, தோல் உரியக் கை கழுவுவது எல்லாம் இவ்வகையே. அதிகப்படி என்று பெரும்பாலோருக்குத் தெரியும், நிறுத்தத்தான் முடியாது. நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் இதில் கழிந்தாலோ, தொழில் கெட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மீண்டும் சரிபார்ப்பதால் கிடைக்கும் நிம்மதி வட்டிக்கு வாங்கிய கடன் போன்றது. அப்போதைக்குச் சமாளிக்கலாம்; பயமோ வளர்ந்துகொண்டே போகும். வீட்டார் "பூட்டியாச்சு, பூட்டியாச்சு" என்று நூறு தடவை சொல்வதும் கடனைக் கூட்டுவதே. திட்டுவதாலும் பயனில்லை.

சிகிச்சை இரண்டு வகை. ஒன்று, பயிற்சி. ஒருமுறை பூட்டிவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்து, பயம் தானே தணியும் வரை பொறுப்பது. இதை மனநல நிபுணரின் துணையோடு படிப்படியாகப் பழக வேண்டும். மற்றொன்று, ஃபுளுவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள். பலன் நன்கு தெரிய 8 முதல் 12 வாரம் ஆகலாம். மருத்துவர் சொல்லாமல் தொடங்கவோ நிறுத்தவோ கூடாது.

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். மலையிலிருந்து இறங்க இயலாதவர்கள் 2022இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகக் கேட்கலாம், தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸில் இந்நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு.

சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிட நாம் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கப்பட வேண்டாம். மறைத்து வைத்தால் நஷ்டம் நமக்கே.