குடியா, காடா?

கடலூருக்குப் பட்டம் கிடைத்தது! 1866-இல் நகராட்சியான ஊர், 2021-இல் மாநகராட்சியாயிற்று. மாடிகள் எழும்புகின்றன, வயலில் மனைக்கல் நடுகிறார்கள். மகிழ்கிறோம். ஆனால் தோழர்களே, சிதம்பரம் சாலையிலே சற்றுத் தெற்கே வாருங்கள். குடிகாடு! அருகே உப்பனாறு, தலைக்குமேல் சிப்காட் ஆலைகளின் புகைபோக்கிகள்.

2004-இல் அந்தப் பகுதி மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாளிக்குள்ளே பையை வைத்துக் காற்றைப் பிடித்தார்கள், ஆய்வுக்கு அனுப்பினார்கள். காற்றையுமா வாளியில் பிடிப்பது? பிடித்துத்தானே காட்ட வேண்டியிருந்தது! ஆண்டாண்டாய் மூக்கு சொன்ன சாட்சி எடுபடவில்லை; எரிந்த கண் சொன்னது ஏறவில்லை. ஆய்வுக்கூடம் சொன்னது: நச்சு வாயுக்கள் உண்டு, புற்றுநோய் தரக்கூடியவையும் அவற்றில் உண்டு.

ஆலை வேண்டாம் என்போர் அல்லர் நாம். தெற்கே தொழில் எங்கே என்று தெருத்தெருவாய்க் கேட்டவர்கள்! சிப்காட் நிறுவனம் பிறந்ததே 1971-இல், கழக ஆட்சியிலேதான். அதற்கு முந்திய ஆண்டு பிறந்தது குடிசை மாற்று வாரியம். 2024-இல் கலைஞரின் கனவு இல்லம்: வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய். நன்று! கூரை மாறும், கூரைக்குள் நுழையும் காற்று?

நகரை விரிக்க வரைபடம் போடுவோரைக் கேட்கிறோம்: ஆலை மதிலுக்கும் ஏழையின் அடுப்படிக்கும் எத்தனை அடி? அந்த எண்ணை முதலில் எழுதுங்கள். அப்புறம் மனைக்கல் நடலாம்.