எட்டங்குலச் சதுரம்

திருப்பதியில் கம்பளியா என்று நண்பர்கள் சிரிக்கின்றனர். சித்திரை வெயிலை மட்டும் நினைத்தால் சிரிப்பு நியாயந்தான். மார்கழியில் விடியற்காலைப் பேருந்துக்குப் புறப்பட்டுப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். பேருந்து நிலையத்திலும் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் வெறுந்தரையில் முழங்காலை மார்போடு சேர்த்து முடங்கிக் கிடப்போர் எத்தனை பேர்! அன்றைய சித்தூர் மாவட்டத்தில் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915ஆம் ஆண்டு காசநோய் மருத்துவமனை எழுந்தது. அந்நோய்க்கு மருந்து கண்டறியப்படாத காலம் அது. தூய காற்றும் ஓய்வும் நல்லுணவுமே சிகிச்சை. இரண்டாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில் காற்றையே மருந்தாகக் கொண்டவர்களுக்குக் கம்பளியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திராது.

முழுக் கம்பளி ஒன்றைப் பின்னி முடிப்பது மாணவனால் ஆகிற காரியமன்று. ஆனால் எட்டங்குலச் சதுரம் ஒன்றை ஒரு விடுமுறையில் பின்னிவிடலாம். அகலத்துக்கு ஆறு, நீளத்துக்கு எட்டு, ஆக 48 சதுரங்களைச் சேர்த்துத் தைத்தால் நான்கடி அகலமும் ஐந்தடிக்கு மேல் நீளமும் உள்ள போர்வை கிடைக்கும். பலர் கை சேர்ந்தால் இது எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சென்னையில் கண்டார்கள். 2016ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள், சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷா குவீன்ஸ்’ குழுவினர், பல ஊர்ப் பெண்கள் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர்ப் போர்வையாக விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தனர். பின்னர் அதைப் பிரித்து ஏழைகளுக்கு வழங்குவதே திட்டம். அது கொக்கி ஊசி ஒன்றால் செய்யும் குரோஷா. நான் இங்குச் சொல்லப் போவது இரண்டு ஊசிகளால் பின்னும் இருநிறச் சதுரம்.

நிட், பர்ல் என்னும் இரண்டு கண்ணிகளும் தெரிந்தவர்களுக்கே இதை எழுதுகிறேன். தெரியாதவர்கள் விடுதியில் யாரையாவது கேட்டால் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆண்பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஒரு செய்தி: ஐரோப்பாவில் பின்னல் தொழிற்சங்கங்கள் ஓங்கியிருந்த காலத்தில் அவற்றின் ஆசான்கள் ஆடவரே.

முதலில் கண்ணிக் கணக்கு. நடுத்தரக் கம்பளி நூலில் அங்குலத்துக்கு ஐந்து கண்ணி விழுமானால் எட்டங்குலத்துக்கு 40 கண்ணி. கை சற்றுத் தளர்ந்து நாலரையாக விழுந்தால் என்ன ஆகும்? அதே 40 கண்ணி ஏறத்தாழ ஒன்பது அங்குலமாகிவிடும். அத்தகைய சதுரங்கள் ஆறு ஒரு வரிசையில் சேர்ந்தால் போர்வை ஐந்து அங்குலத்துக்கு மேல் கோணிக்கொள்ளும். ஆகவே சிறு மாதிரி ஒன்று பின்னி அளந்த பிறகே தொடங்க வேண்டும். அதையும் இருநிறத்திலேயே பின்னுக. ஒரே நிறத்தில் பின்னுவதைவிட இருநிறப் பின்னல் இறுகும்.

கோலத்தைக் கட்டத்தாளில் வரைந்துகொள்ளலாம். நம் புள்ளிக் கோலங்கள் இதற்கு மிகப் பொருந்தும் என்றாலும், ஒரு சூழ்ச்சி உண்டு. கண்ணி சதுரமன்று, அகலம் மிகுந்து உயரம் குறைந்தது. தாளில் அழகாக நிற்கும் தாமரை பின்னலில் நசுங்கிக் கிடக்கும். எனவே சற்று நெட்டையாக வரைக. இருபுறமும் நான்கு நான்கு கண்ணிகளையும், அடியிலும் மேலிலும் சில வரிசைகளையும் ஒரே நிறத்தில், எல்லா வரிசையிலும் நிட்டாகவே பின்னி ஓரம் கட்டுக. ஓரமில்லாத துண்டு வெற்றிலைபோல் சுருண்டுகொள்ளும். நடுவில் எஞ்சும் 32 கண்ணிகளில், எட்டுக் கண்ணிப் பூ நான்கு முறை வரும். கட்டத்தைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். முன்பக்க வரிசையை வலமிருந்து இடமாகவும், பின்பக்க வரிசையை இடமிருந்து வலமாகவும்.

இனி, பின்பக்கம். ஒரு வரிசையில் இரண்டு நூல்களே. ஒன்று கண்ணியாகும்போது மற்றது பின்னே ஓடிக்கொண்டிருக்கும். அழகுக்காக மட்டும் இந்த ஓட்டம் என்று எண்ணவேண்டாம். அது துணியை இரட்டிப்பாக்கி இடையே காற்றைத் தேக்குகிறது, ஆகவே வெதுவெதுப்பு மிகும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடுங்குளிர் வீசும் ஷெட்லாந்துத் தீவுகளில் இம்முறை வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் பழைய எகிப்தில் கிடைத்த பின்னல் காலுறைகளோ பருத்தி. நீலமும் வெள்ளையுமாக இரண்டே நிறம். வெப்ப நாட்டார்க்கும் இக்கலை அந்நியமன்று.

என் முதற் சதுரத்தைச் சித்தூரில் என் அத்தையிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் பூவைப் பார்க்கவே இல்லை, திருப்பினார். பத்துக் கண்ணி நீளத்துக்கு நூல் தொங்கிக்கொண்டிருந்தது. சுண்டுவிரலை அதில் மாட்டி இழுத்தார். முன்பக்கத்துத் தாமரை அப்படியே சுருங்கிற்று.

“பிள்ளை போர்த்திக்கினா விரல் மாட்டாதா, தம்பி? பிரிச்சுடு.”

பிரித்தேன், இரண்டு மாலை வேலை போயிற்று. அன்று கற்றது இதுதான்: ஐந்து கண்ணிக்கு மேல் நூலைப் பின்னே ஓடவிடாதே. ஓட நேர்ந்தால் நடுவில் ஒருமுறை பின்னும் நூலோடு முறுக்கிப் பிடித்துக்கொள். நிறம் மாற்றும்போது, பின்னிய கண்ணிகளை வலது ஊசியில் நன்றாகப் பரப்பிவிட்ட பின்னரே அடுத்த நூலை எடு. இல்லாவிடில் துணி இழுத்துக்கொள்ளும். பர்ல் வரிசையில் இது கடினமாகத் தோன்றினால் வேறு வழியும் உண்டு. இரண்டு வரிசைக்கு ஒரே நிறத்தை வைத்துக்கொண்டு, மற்ற நிறம் வேண்டிய கண்ணிகளைப் பின்னாமல் ஊசி மாற்றி விடுவது. பூ எளிமையாக அமையும். புதியவர்கள் இதிலேயே தொடங்கலாம்.

நூல் எது? ஆட்டுக் கம்பளி கதகதப்பானது, ஆனால் வெந்நீரில் அடித்துத் துவைத்தால் சுருங்கித் தடித்துப்போகும். மருத்துவமனைத் துவைப்புக்கு அக்ரிலிக் தாங்கும், விலையும் குறைவு. ஒரு குறை: நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். குப்பை கொளுத்திக் குளிர்காய்வோருக்குக் கொடுக்கும் கம்பளியில் அக்ரிலிக்கைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

முடிக்கும்போது ஒருமுழ நூலை அறுக்காமல் விடுங்கள், இணைக்கத் தைப்பதற்கு உதவும். மற்ற நுனிகளை ஊசியால் பின்பக்கத்தில் கோத்து மறைக்க வேண்டும். வெறும் முடிச்சு நாலு துவைப்பில் அவிழும்.

சென்ற வாரம் என் மூன்றாம் சதுரத்தை அத்தை அடிக்கோல் வைத்து அளந்தார். எட்டேகால் அங்குலம். மறுபடியும் திருப்பிச் சுண்டுவிரலால் தடவிப் பார்த்தார்.

“தைக்கும்போது அடக்கிக்கலாம்” என்று கூடையில் போட்டுக்கொண்டார். கூடையில் அதனோடு பத்தொன்பது இருக்கின்றன. இன்னும் இருபத்தொன்பது வேண்டும்.