தொட்டி மீன்கள் மர்மச் சாவு! கடைப் பையன் மீது சந்தேகம்!! கொளத்தூர் வியாபாரி துப்புத் துலக்கினார்

வடசென்னையில் ஒரு ஜவுளிக் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் 2 அடி கண்ணாடித் தொட்டி. அதில் 14 வண்ண மீன்கள். திங்கட்கிழமை காலை கடையைத் திறந்து பார்த்தால் 9 மீன்கள் செத்து மிதந்தன! மீதி 5 மீன்கள் தண்ணீர் மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து மூச்சுத் திணறிக்கொண்டு இருந்தன.

தொட்டி வாங்கி 20 நாள்தான் ஆகிறது. முதலாளி பதறிப் போனார். "எவனோ விஷம் வெச்சுட்டான்" என்று கூச்சல் போட்டார். கடையைத் திறந்தது 19 வயதுப் பையன். சாவி அவனிடம்தான் இருந்தது. சனிக்கிழமை மாலை பில்லில் தப்பு செய்ததற்காக எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியவனும் அவனே. போதாதா?

"கணக்கை வாங்கிட்டு நடையைக் கட்டு" என்று சொல்லிவிட்டார் முதலாளி. "எங்கம்மா மேல சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலைங்க" என்று பையன் அழுதான். கூட்டம் கூடிவிட்டது. போலீசுக்குப் போகலாம் என்றார் பக்கத்துக் கடைக்காரர். வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். பூச்சி மருந்தாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன்.

கொளத்தூர்க்காரர் வந்தார்

சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். தொட்டியை விற்ற வியாபாரியும் அந்த ஊர்தான். போன் போட்டதும் வந்தார். முதலில் தண்ணீரை முகர்ந்து பார்த்தார். முகம் சுளித்தார். ஒரு டியூபை விட்டு அடியில் இருந்த கூழாங்கல்லுக்கு நடுவே உறிஞ்சினார். வாளியில் என்ன வந்து விழுந்தது தெரியுமா? ஊறிப் பெருத்து அழுகிப்போன மீன் தீனி! ஒரு கைப்பிடிக்கு மேல் இருக்கும்.

"விஷம்தான் சார். ஆனா வெச்சது ஒரு ஆள் இல்லை. கடையே சேர்ந்து வெச்சிருக்கு" என்றார்.

விசாரணை அங்கேயே நடந்தது. காலையில் பையன் ஒரு சிட்டிகை போடுவான். 11 மணிக்கு முதலாளி. மதியச் சாப்பாடு கொண்டுவரும் அவர் மனைவி ஒரு தடவை. சாயங்காலம் துணி எடுக்க வருகிறவர்களின் குழந்தைகள். ராத்திரி கடை அடைக்கும்போது மறுபடியும் முதலாளி! சனிக்கிழமை ராத்திரி மட்டும், "நாளைக்கு லீவாச்சே, பட்டினி கிடக்குமே" என்று டப்பாவைக் கவிழ்த்திருக்கிறார். அதை அவரே ஒப்புக்கொண்டார்.

எவ்வளவு போடலாம்?

காலையில் ஒரு சிட்டிகை, மாலையில் ஒரு சிட்டிகை. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் கணக்கு. மிச்சம் மிதந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம், உடனே எடுத்துவிட வேண்டும். நல்லா வளர்ந்த மீன் ஒரு நாள், இரண்டு நாள் தீனி இல்லாமல் சும்மா இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்காகச் சேர்த்துப் போட வேண்டியதே இல்லை. குஞ்சுகளுக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போட வேண்டும்.

"ஆளைப் பார்த்தாலே மேலே ஓடி வருதே, பசிதானே?" என்று கேட்டார் முதலாளி. பசி இல்லையாம், பழக்கமாம்!

பல ஜாதி மீன் இருக்கும் தொட்டியில் இன்னொரு வம்பு உண்டு. ஏஞ்சலும் மோலியும் மேலேயே தட்டிப் பறித்துவிடும். அடியில் மேயும் கோரிடோரசுக்கு ஒன்றும் போய்ச் சேராது. அது பாவம் என்று மேலும் மேலும் கொட்டுவார்கள். அதற்கென்று கீழே இறங்கும் மாத்திரைத் தீனி இருக்கிறது. மற்ற மீன்கள் தின்ற பிறகு விளக்கை அணைத்துவிட்டு அதைப் போட்டால் போதும்.

மிஞ்சிய தீனி அழுகினால் அம்மோனியா உண்டாகும். மீன் கழிவிலும் அது உண்டு. அது செவுளைப் புண்ணாக்கி மூச்சை அடைத்துவிடும். அழுகல் வேறு தண்ணீரில் உள்ள பிராணவாயுவைக் குடித்துவிடும். அம்மோனியாவை மாற்றிவிடும் நல்ல கிருமிகள் புதுத் தொட்டியில் வளர ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஆகும். இதுவோ 20 நாள் தொட்டி!

மொத்தத் தண்ணீரையும் கொட்டப் போன முதலாளியை வியாபாரி தடுத்தார். அப்படிச் செய்தால் இருக்கிற 5 மீனும் போய்விடுமாம். குளோரின் போக்கிய தண்ணீராகப் பார்த்துக் கால்வாசியை மாற்றினார். மறுநாளும் கால்வாசி. அந்த இரண்டு நாளும் தீனி கிடையாது.

5 மீன்களில் 4 பிழைத்துவிட்டன. பையன் புதன்கிழமை வேலைக்கு வந்தான். முதலாளி ஒன்றும் பேசவில்லை. தீனி டப்பாவை மட்டும் அவன் கையில் கொடுத்து, "இனிமே நீ ஒருத்தன்தான் போடணும், நான் கேட்டாலும் குடுக்காதே" என்றார். டப்பா இப்போது கல்லாப் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்பட்டு இருக்கிறது.