நிற்க வைக்கும் கலை

நம் குடவாசலுக்கு அருகிலுள்ள திருவாரூரில் ஆழித்தேர் ஓடும் நாளில், கூட்டம் முழுவதும் வடம் பிடிப்பவர்களையே பார்த்துக்கொண்டிருக்கும். சக்கரத்தின் ஓரமாக முட்டுக்கட்டையுடன் நடந்து வருபவர்களை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் உள்ள தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர்கள் கையில்தான் இருந்தது. பிற்காலத்தில் திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் அந்தத் தேருக்கு இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்தனர். ஓரிடத்தில் எண்ணெய்க்குக் கொடுக்கும் அழுத்தம் குழாய் வழியே மறு முனைக்கு அப்படியே போய்ச் சேரும் என்று பௌதிகப் பாடத்தில் படிக்கிறோமே, பாஸ்கல் விதி, அதுதான் அங்கே வேலை செய்கிறது. மோட்டார் காரின் பிரேக்கிலும் அதுவேதான்.

மாணவியரே, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தேர் நொடிக்கு அரை மீட்டர் வீதம் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். தேருக்கு வரும் விடை 37,500 ஜூல். இனி ஒரே டன் எடையுள்ள சிறிய காரை எடுத்துக்கொள்ளுங்கள். அது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது கடைத்தெருவில் போகும் வேகத்தில், போனாலே 50,000 ஜூல் ஆகிவிடுகிறது. தேரை விட அதிகம்! அதே கார் பந்தயத் திடலில் 144 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தால் 8,00,000 ஜூல். வேகம் நான்கு மடங்கானால் ஆற்றல் பதினாறு மடங்காகிறது.

இந்த ஆற்றல் எங்கே போகும்? அழியாது; பிரேக்கில் வெப்பமாக மாறும். 144 கிலோமீட்டரில் வரும் கார் ஒரு வளைவுக்காக வேகத்தைப் பாதியாகக் குறைத்தால், சுமார் மூன்று நொடியில் 6,00,000 ஜூல் வெப்பம் உண்டாகிறது. இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். நம் வீட்டு அடுப்பில் அதற்கு எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று அம்மாவைக் கேளுங்கள். அடுத்த வளைவில் மறுபடியும் இரண்டு லிட்டர், அதற்கடுத்த வளைவில் மறுபடியும்.

நம் மாநிலத்தில் மோட்டார் பந்தயம் வளர்ந்த இடம் சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம். இரண்டாம் உலகப் போரில் அமைத்த விமானத் தளத்தின் ஓடுபாதையில், 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்தி வந்தது. பின்னர் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே தனிப் பாதை அமைந்தது. அது திறக்கப்பட்டது 1990-ல். அக்காலத்தில் நம் சாலைகளில் ஓடிய ஃபியட், அம்பாசிடர் வண்டிகளுக்கு டிரம் பிரேக்தான். மூடிய உருளைக்குள் இரண்டு ஷூக்கள் விரிந்து உரசும். சாலைக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் மூடிய பாத்திரத்தில் சூடு தங்குவதைப் போல டிரம்மில் சூடு தங்கிவிடும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகிப் போவதால் பெடலை மேலும் மேலும் ஆழமாக மிதிக்க வேண்டிவரும்.

டிஸ்க் பிரேக்கில் தட்டு காற்றில் திறந்தே சுழல்கிறது. இருபுறமும் பேடுகள் அதைப் பிடிக்கின்றன. இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனாலும் உலகம் திரும்பிப் பார்த்தது 1953-ல்தான். அவ்வாண்டு பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றது. இரவு பகலாக ஓடியும் அதன் பிரேக் தளரவில்லை.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். பெரிய பிரேக் போட்டால் கார் குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நல்ல நிலையிலுள்ள சாதாரண பிரேக்கே சக்கரத்தைச் சுழலாமல் பிடித்துவிடும். அதற்கு மேல் டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிமானம்தான் எல்லை. பந்தய பிரேக்கின் பெருமை வேறு. முதல் சுற்றில் நின்றதுபோலவே இருபதாவது சுற்றிலும் நிற்கும்.

ஆகையால் திடலுக்குக் காரைத் தயார் செய்பவர்கள் முதலில் பார்ப்பது பெரிய டிஸ்க்கை அல்ல, பிரேக் ஆயிலை. பெயர்தான் ஆயில், உண்மையில் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஒரு திரவம். ‘டாட் 3’ என்ற வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகோ 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவம் அழுத்தத்துக்கு அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சுபோல உள்ளே போகும், கார் நிற்காது! பந்தயத்துக்கென வரும் திரவங்கள் 300 டிகிரியையும் தாண்டித் தாங்குபவை.

அடுத்தது பேடு. சாதாரணப் பேடிலுள்ள பிசின் அதிக சூட்டில் வாயுவை வெளிவிட்டு வழுக்கத் தொடங்கும். பந்தயப் பேடு சூட்டில்தான் நன்றாகப் பிடிக்கும். குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. இதை வாங்கித் தெருவில் ஓடும் வண்டிக்குப் போட்டுப் பெருமைப்படும் அண்ணன்மார் யாராவது வீட்டில் இருந்தால் எச்சரித்து வையுங்கள். காலையில் வாசலைத் தாண்டியதும் குறுக்கே ஓடும் குழந்தைக்காக மிதிக்கும் பிரேக் குளிர்ந்த பிரேக்தான். மற்றபடி, உப்பாத எஃகுப் பின்னல் குழாய், டிஸ்க்கின் மேல் காற்றை வீசச் செய்யும் குழாய், நடுவே காற்று புகும் இரட்டைத் தட்டு டிஸ்க் ஆகியவை பணத்தையும் தேவையையும் பொறுத்துச் சேர்ப்பவை.

நம் பகுதி சமவெளி. வயலும் வாய்க்காலும் தாண்டி மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். இங்கே பிரேக் சூடாவதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கோடையில் குடும்பத்தோடு வேன் பிடித்து ஏற்காட்டுக்குப் போகும்போதுதான் ஆபத்து. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால், பந்தயக் காருக்கு நேர்வது நம் வேனுக்கும் நேரும். தாழ்ந்த கியரில் போட்டு எஞ்சினையே பாதி பாரத்தைத் தாங்கச் செய்ய வேண்டும். பெற்றோர்கள் புறப்படுமுன் பிரேக் ஆயில் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேட்பது நல்லது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம், செலவும் பெரிதல்ல.

சென்னை பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா போன்ற நிறுவனங்கள் நம் மாநிலத்திலேயே பிரேக்குகளைச் செய்கின்றன. சென்னையைச் சேர்ந்த அலீஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓடியவர். பௌதிகமும் ரசாயனமும் படிக்கும் பெண்களுக்கு இத்துறையில் இடமுண்டு; லைனிங் எந்தக் கலவையில் செய்வது என்பதே ஒரு தனி ஆராய்ச்சி. முன்பு அதில் சேர்த்த கல்நார் நுரையீரலைக் கெடுப்பது என்று தெரிந்த பின் மாற்றுப் பொருள்களைத் தேட வேண்டியிருந்தது.

பந்தயம் முடிந்து கொடி விழுந்த உடனே ஓட்டுநர் காரை நிறுத்திவிடுவதில்லை. பிரேக்கைத் தொடாமல் மெதுவாக இன்னொரு சுற்று வருவார், காற்றில் டிஸ்க்குகள் ஆறட்டும் என்று. கொட்டகைக்கு வந்த பிறகும் கைப்பிரேக்கை இழுக்கமாட்டார். இழுத்தால் சூட்டில் பேடு தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தின் அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போவார்.