கௌனஸ்: கோப்பை இருக்கு, கிளப் எங்கே?

2008 ஆகஸ்ட் 5. லித்துவேனியாவின் இரண்டாவது பெரிய நகரமான கௌனஸில் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று ஆட்டம். வந்திருப்பது கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ். மே மாதம்தான் யூஇஎஃப்ஏ கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்ற அணி. ஒரு வாரம் முன்பு கிளாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டம் 0-0. கௌனஸில் ரேஞ்சர்ஸின் கெவின் தாம்சன் முதலில் கோல் போட்டார். வெளியூரில் அடித்த கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற விதி அப்போது அமலில் இருந்ததால், உள்ளூர் அணிக்கு இனி இரண்டு கோல் கட்டாயம்.

இடைவேளைக்கு முன்பே நெரியுஸ் ராட்ஜியுஸ் வெகு தொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. 87-வது நிமிடத்தில் லினாஸ் பிலிபைடிஸ் தலையால் முட்டி இன்னொன்று. 2-1. ரேஞ்சர்ஸ் மூட்டை கட்டியது. ஐரோப்பியப் போட்டி வருமானம் கைவிட்டுப் போக, சில நாட்களிலேயே தன் முக்கியத் தடுப்பாட்டக்காரர் கார்லோஸ் குவேயாரை ஆஸ்டன் வில்லாவுக்கு விற்றது.

இப்படி ஒரு பெரிய அணியைக் கவிழ்த்த எஃப்பிகே கௌனஸ் நான்கே ஆண்டுகளில் இல்லாமல் போனது.

சோவியத் காலத்தில், 1960-இல், ‘பங்கா’ என்ற பெயரில் தொடங்கிய அணி இது. கௌனஸ் கூடைப்பந்து ஊர். கூடைப்பந்து நட்சத்திரம் அர்விதாஸ் சபோனிஸ் பிறந்த மண். 1999-இல் அங்குள்ள ஜல்கிரிஸ் கூடைப்பந்து அணி ஐரோப்பாவின் சாம்பியன் ஆனபோது ஊரே கொண்டாடியது. அதே ஆண்டில்தான் கால்பந்து அணியும் லீக் பட்டத்தை வென்றது. பெரிதாகக் கவனித்தவர் குறைவு. 1999 முதல் 2004 வரை தொடர்ந்து, பிறகு 2006, 2007 என மொத்தம் 8 பட்டங்கள். ஐரோப்பிய ஆட்டத்துக்கு மட்டும் மைதானம் நிறையும், உள்ளூர் லீகுக்குக் காலி இருக்கைகள்தான்.

பணம் கொடுத்தவர் விளாதிமிர் ரோமனோவ். ரஷ்யாவில் பிறந்தவர், சோவியத் நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவர், பிறகு ஊகியோ பாங்காஸ் வங்கியின் அதிபர். தொலைக்காட்சி நடனப் போட்டியிலும் ஆடிக் காட்டிய ஆள். மேடை என்றால் விடமாட்டார்! 2005-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்து ஹார்ட்ஸ் கிளப்பையும் தன் வசமாக்கினார்.

அங்கிருந்துதான் கௌனஸின் கதை கோணலாகிறது. போர்ட்டோ அணியில் சாம்பியன்ஸ் லீக் வென்ற எட்காரஸ் யான்கௌஸ்காஸ், சௌலியுஸ் மிகோலியூனாஸ், அந்த்ரியுஸ் வெலிச்கா என வரிசையாக வீரர்கள் கௌனஸின் பெயரில் ஒப்பந்தமாகி, ‘லோன்’ என்ற பெயரில் எடின்பரோ போனார்கள். செக் நாட்டு ரோமன் பெட்னார்ஷும் இப்படித்தான்: கையெழுத்து கௌனஸுக்கு, ஆட்டம் ஹார்ட்ஸுக்கு. 2006-இல் ஹார்ட்ஸ் ஸ்காட்டிஷ் கோப்பையை வென்றது. லீகிலும் ரேஞ்சர்ஸைப் பின்னுக்குத் தள்ளி இரண்டாம் இடம். கௌனஸ் அணியை ரோமனோவ் ஒரு கிடங்காகத்தான் வைத்திருந்தார் என்பது என் எண்ணம். கிடங்குக்கு யார் ரசிகராக இருப்பார்கள்?

ரேஞ்சர்ஸை வென்ற மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. அடுத்த சுற்றில் டென்மார்க்கின் ஆல்போர்கிடம் இரண்டு ஆட்டத்திலும் 0-2. யூஇஎஃப்ஏ கோப்பையில் சாம்ப்டோரியா 5-0, 2-1 என வெளியேற்றியது. 2009 சீசன் தொடங்கும் முன் தேசியக் கால்பந்துக் கூட்டமைப்போடு மோதல். கௌனஸ் முதல்நிலை லீகிலிருந்து வெளியேற, கூட்டமைப்பு அதைக் கீழ்நிலை லீகில் தள்ளியது. எட்டு முறை சாம்பியன், சிற்றூர் அணிகளோடு ஆடவேண்டியதாயிற்று. யாரோடு கோபித்துக்கொண்டு யாருக்கு நஷ்டம்? வீரர்கள் கலைந்தார்கள். ரோமனோவின் கவனம் அதற்குள் ஜல்கிரிஸ் கூடைப்பந்து அணி மீது திரும்பியிருந்தது. 2012-இல் கிளப் முடிந்தது.

அதே 2012 மே மாதம் ஹார்ட்ஸ் தன் பரம எதிரி ஹிபர்னியனை 5-1 என நொறுக்கி மீண்டும் ஸ்காட்டிஷ் கோப்பையைத் தூக்கியது. தூக்கிய கேப்டன் மாரியுஸ் ஜலியூகாஸ், கௌனஸிலிருந்து போனவர். நரம்பு நோயால் 2020-இல், 36 வயதில் இறந்துபோனார்.

2013 பிப்ரவரியில் லித்துவேனிய மத்திய வங்கி ஊகியோ பாங்காஸின் செயல்பாட்டை நிறுத்தியது. ரோமனோவ் ரஷ்யாவுக்குப் போய்விட்டார். சில மாதங்களில் ஹார்ட்ஸும் திவால் நடவடிக்கைக்குள் விழுந்தது. ஆனால் அங்கே ரசிகர்கள் விடவில்லை. சுமார் 8,000 பேர் மாதாமாதம் பணம் கட்டினார்கள். தொழிலதிபர் ஆன் பட்ஜ் முன்பணம் போட்டுக் கிளப்பை மீட்டார். 2021-இல் அது ரசிகர்கள் கைக்கே வந்தது. ஒரே முதலாளி, ஒரே வங்கி; கௌனஸுக்காக அப்படி உண்டியல் ஏந்த ஆளில்லை.

அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்து 1933-இல் விபத்தில் இறந்த விமானிகள் டாரியுஸ், கிரேனாஸ் பெயரிலான கௌனஸ் மைதானத்தைப் புதுப்பித்து 2022-இல் திறந்தார்கள். இப்போது அங்கே ஆடுவது 2004-இல் தொடங்கிய கௌனோ ஜல்கிரிஸ் என்ற வேறொரு கிளப்.