கரு தங்காததற்கு இரத்தமும் காரணமாகலாம்

கிராமங்களில் நான் சந்திக்கும் பெண்கள் சிலருக்கு மூன்று, நான்கு தரம் கரு கலைந்திருக்கிறது. "செல்லுக்குப் பயந்து ஓடினதில போனது" என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2009இன் பின் கலைந்தவற்றுக்கு? மாமியார் வீட்டில் "ராசியில்லாதவள்" என்ற பெயர்தான் மிச்சம்.

லண்டன் வைத்தியர் கிரஹம் ஹியூஸ் 1983இல் விபரித்த நோயொன்று உண்டு. பெயர் அன்ரிபொஸ்போலிபிட் சின்ட்ரோம். உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மாறி வேலைசெய்து, இரத்தத்தை வீணாக உறையவைக்கிறது. நச்சுக்கொடி பழுதாகி சிசு இறக்கலாம். தாய்க்கு இளவயதிலேயே பாரிசவாதமும் வரலாம்.

சகோதரிகளே, பத்து வாரத்துக்குள் தொடர்ந்து மூன்று தரம் கலைந்தாலோ, அதன்பின் ஒருதரமேனும் சிசு வயிற்றில் இறந்தாலோ, இதற்கான இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். 12 வாரங்களின் பின் மீண்டும் சோதித்தே உறுதிசெய்வார்கள்.

சிகிச்சை இருக்கிறது. 1997இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில், அஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 42 வீதமானோரும், ஹெப்பரின் ஊசியும் சேர்த்துப் போட்டவர்களில் 71 வீதமானோரும் உயிருள்ள பிள்ளையைப் பெற்றார்கள். தானாக மருந்து வாங்கிப் போடவேண்டாம். வோபரின் குளிசை எடுப்பவர்கள், கர்ப்பமோ என்ற சந்தேகம் வந்தவுடனேயே வைத்தியரிடம் சொல்லவேண்டும். அது சிசுவைப் பாதிக்கும்.

கிளினிக் கொப்பி இடம்பெயர்வில் தொலைந்திருந்தால், எந்த வருடம், எத்தனையாம் மாதத்தில் கலைந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.