பட்டியலில் ஏறிய பாட்டு, பதிவேட்டில் ஏறாத பெயர்

2020 மார்ச் 26 அன்று, நாடு தழுவிய ஊரடங்கின் இரண்டாம் நாளில், சோனி மியூசிக் இந்தியா நிறுவனம் ‘கேந்தா ஃபூல்’ என்ற தனிப்பாடலை, அதாவது எந்தத் திரைப்படத்தையும் சாராமல் தனியே விற்கப்படும் பாடலை, வெளியிட்டது. செண்டுமல்லிப் பூவைத் தலைப்பாகக் கொண்ட இப்பாடலை ராப் பாடகர் பாத்ஷாவும் பாயல் தேவும் பாடினர். இலங்கையைச் சேர்ந்த நடிகை ஜாக்குலின் பெர்னாண்டஸ் வங்காளப் பெண்ணாகச் சேலையில் தோன்றும் அதன் காணொளி சில நாட்களிலேயே கோடிக்கணக்கான பார்வைகளைப் பெற்று, அந்த ஆண்டு யூடியூபில் இந்தியர்கள் மிகுதியாகப் பார்த்த இசைக் காணொளிகளுள் ஒன்றாயிற்று. ஆனால் பாட்டைக் கேட்டவர் வாயில் ஒட்டிக்கொண்டது பாத்ஷாவின் இந்தி வரிகளைவிட, பாயல் தேவ் திரும்பத் திரும்பப் பாடும் வங்காள வரிகளே. மேற்கு வங்கத்தில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடப்பட்டு வந்த அந்த வரிகளுக்கு உரியவரின் பெயர் வெளியீட்டில் எங்கும் இல்லை.

அவர் பீர்பூம் மாவட்டம் சியூரியைச் சேர்ந்த ரத்தன் காஹார். பாது, ஜுமூர் ஆகிய நாட்டார் இசை வகைகளில் தேர்ந்த அவர், பீடி சுற்றியும் பிழைப்பு நடத்தியவர். பாது என்பது வங்காள நாட்காட்டியின் பாத்ர மாதத்தில், ஏறத்தாழ நம் ஆவணியில், பாது என்னும் இளவரசியை நினைந்து பீர்பூம், பாங்குரா, புருலியா வட்டாரங்களில் பாடப்படுவது. ‘பொரொலோகேர் பிட்டி லோ’ என்ற தம் பாடலை 1972இல் இயற்றியதாகக் காஹார் கூறுகிறார். செல்வர் வீட்டு மகளை விளிக்கும் அந்தப் பாட்டு, தந்தையால் ஏற்கப்படாத குழந்தையை வளர்த்த ஓர் இளம் தாயின் துயரத்தைக் கேட்டதில் பிறந்தது என்று பேட்டிகளில் அவர் விளக்கியிருக்கிறார். காணொளியில் அது விழாக்கால ஆட்டப் பாட்டாக மாறியபோது அந்தத் துயரம் முற்றாகக் கழன்றுபோனது.

பாடலை வங்காளம் முழுவதும் கொண்டு சேர்த்தது 1976இல் ஸ்வப்னா சக்ரவர்த்தி பாடி வெளிவந்த இசைத்தட்டு. அது பெரும் வெற்றி கண்டது; ஆயினும் காஹாரின் பெயர் அதில் இடம்பெறவில்லை. இது ஒரு தட்டோடு நின்ற தவறன்று, ஒரு தொழிலின் பழக்கம் என்பதை உணர, கொல்கத்தாவின் இசைத்தட்டு வரலாற்றைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

1902 நவம்பரில் கிராமபோன் நிறுவனத்தின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் இந்நகரில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது, அப்பாடகி ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். ஜெர்மனியின் ஹனோவரில் தட்டு அச்சிடுவோர் பாடகியை அடையாளம் காண அது உதவியது. 1908இல் சியால்தாவில் தொழிற்சாலை வந்தது, பின்னர் தம்தம்முக்குப் பெயர்ந்தது, நகரம் இந்திய இசைத்தட்டுத் தொழிலின் தலைநகரமாயிற்று. ஆண்டுதோறும் துர்கா பூஜையையொட்டி வெளியாகும் புதுப் பாடல்களுக்காக எச்.எம்.வி. இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘சாரத் அர்க்ய’ என்னும் புத்தகத்தில் பாடகருடன் கவிஞரும் இசையமைப்பாளரும் தவறாமல் குறிக்கப்பட்டனர். இசையமைப்பாளர் சலில் சௌதுரி, கவிஞர் கௌரிபிரசன்ன மஜும்தார் போன்றோரின் புகழ் வளர்ந்தது அப்படித்தான். கிராமத்திலிருந்து வந்த பாட்டுக்கோ பெரும்பாலும் ‘மரபுப் பாடல்’ என்ற குறிப்பே போதுமென்று கருதப்பட்டது. உயிரோடிருக்கும் ஒருவர் இயற்றிய பாட்டும் அந்தக் குறிப்பின்கீழ் ஊர்ச் சொத்தாகிவிடும்.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாடலில் வரிகள், இசை, ஒலிப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனி உரிமை உண்டு. வரிகளுக்கும் இசைக்குமான உரிமை பதிவு செய்யாவிட்டாலும் பிறக்கும், ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை விற்றுவிட்டாலும் தாமே ஆசிரியர் என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி அவரிடமே தங்கும். ஓட்டை இருப்பது வேறிடத்தில். 1984இல் சேர்க்கப்பட்ட 52ஏ பிரிவு, ஒலிப்பதிவைத் தயாரித்தவர், உரிமையாளர், வெளியான ஆண்டு ஆகியவற்றை உறையில் அச்சிடக் கட்டாயப்படுத்துகிறதே ஒழிய, பாட்டை எழுதியவரின் பெயரைத் தனியே கேட்பதில்லை.

வெற்றிப் பட்டியல்களும் இதே வழியில்தான் இயங்குகின்றன. 1952இல் கொழும்பிலிருந்து இலங்கை வானொலி ஒலிபரப்பத் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சி, தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் கடிதங்களையும் கொண்டு பாடல்களை வரிசைப்படுத்தியது. இன்றைய பட்டியல்கள் யூடியூப் பார்வைகளையும் செயலிகளில் பாட்டு ஒலித்த எண்ணிக்கையையும் கூட்டுகின்றன. எண்ணப்படுவது எப்போதும் குறிப்பிட்ட ஓர் ஒலிப்பதிவு. அதனுள் இருக்கும் பழைய பாட்டு எத்தனை பதிவுகளைக் கடந்து வந்தது, யாருடையது என்பதை அந்த எண் காட்டாது.

‘கேந்தா ஃபூல்’ வந்த சில நாட்களில் வங்காள ரசிகர்கள் சமூக ஊடகங்களில் காஹாரின் பெயரை எழுப்பினர். முந்தைய பதிவுகளிலும் உரிமைச் சங்கங்களின் ஆவணங்களிலும் அவர் பெயர் காணப்படவில்லை என்று பாத்ஷா விளக்கி, 2020 ஏப்ரலில் 5 லட்சம் ரூபாயை அவருக்கு அனுப்பினார். இது பெருந்தன்மையான செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருமுறை தரும் உதவித்தொகையும், பாட்டு ஒலிக்கும்தோறும் ஆசிரியருக்குச் சேர வேண்டிய உரிமைத்தொகையும் ஒன்றாகா. 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் கவிஞரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையில் பங்கு பெறுவதை வலுவாக்கியபோதிலும், அதை வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். போன்ற சங்கத்தில் பெயரும் பாட்டும் ஏறாதவரை அந்தத் திருத்தம் காஹார் போன்றோரை எட்டாது. தமிழிலும் 2021இல் ‘எஞ்சாய் எஞ்சாமி’ உலகெங்கும் ஒலித்தபோது, அதை எழுதிப் பாடிய ராப் பாடகர் அறிவின் படம் ஓர் இசை இதழின் அட்டையில் விடுபட்டது பெரும் வாதத்தைக் கிளப்பியது.

2024இல் காஹாருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மேற்கு வங்க அரசின் ‘லோக்பிரசார்’ திட்டம் நாட்டார் கலைஞர்களுக்கு அடையாள அட்டையும் மாத உதவித்தொகையும் வழங்குகிறது. இரண்டும் கலைஞரை அடையாளம் காண்கின்றன; பாட்டை அடையாளம் காண்பது இன்னும் மிச்சமிருக்கும் வேலை. ஆகாசவாணியின் பழைய ஒலிநாடாக்களையும் பாடகர்களின் கையெழுத்து ஏடுகளையும் ஒப்பிட்டு, இன்ன பாட்டு இன்னாருடையது என்று சங்கப் பதிவேட்டில் ஏற்றுவதற்கு, அந்தப் பாட்டுகளை முதலில் கேட்டவர்கள் உயிரோடிருக்கும் இந்தச் சில ஆண்டுகளே தக்க காலம்.